இருநூற்றுப் பதினான்காம் அட்டை

1

2023 ஒக்டோபர் 26, வியாழக்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். இந்த வாரம் தண்ணீர் மோட்டார் எங்கள் முறை, 5.50க்குப் போட்டு 6.15க்கு நிறுத்தினேன். 6.30க்குப் பால் வந்தது. 7.00 மணிக்கு மகள் ஜெனிற்றாவை எழுப்பினேன். காலை உணவு இட்டலியும் தேங்காய்ச் சட்னியும். 8.20க்கு லஸ் முனையில் பஸ் ஏறி, 9.05க்குச் சிந்தாதிரிப்பேட்டையில் நான் பிழை திருத்தும் அச்சகத்தில் இருந்தேன். மழை இல்லை.

முப்பத்துமூன்று வருடங்களுக்கு முன்னர் இதே திகதியில் இந்த நாட்டின் கரையில் இறங்கினேன். அப்போது வயது இருபத்திரண்டு. இடுப்பில் நனைந்த சாரம், கையில் ஒரு துணிப்பை, அதற்குள் அம்மா தன் பெயரை எழுதிய வேதாகமம். கரையில் ஒருவர் மேசை போட்டு அமர்ந்து, பெயரும் ஊரும் கேட்டு, முத்திரை குத்தி ஒரு தாளைத் தந்தார். அன்று மாலையே நாட்குறிப்பு எழுதத் தொடங்கினேன். இன்றுவரை ஒரு நாளும் விடவில்லை.

ஒவ்வொரு வருடமும் இந்த நாளில், இலங்கையில் எங்கள் ஊரான பண்டத்தரிப்பில் நீங்கள் நடத்தும் சிறிய இதழுக்கு ஒரு குறிப்பு அனுப்புவது வழக்கம். போன வருடம் சென்னை மழையைப் பற்றி எழுதினேன். இந்த வருடம் ஓர் அட்டையைப் பற்றியும் ஒரு தாளைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

2

அட்டை என்றால் உங்களுக்கு விளங்காது. நான் ஊரில் இருந்தவரை எங்கள் சபையில் இந்த வழக்கத்தைக் கண்டதில்லை. இங்கே புதுவருட நாள் காலை ஆராதனை முடிந்ததும், வாசலில் ஒரு தட்டில் சிறிய அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தது எதுவோ அதுதான் அந்த வருடம் முழுவதற்கும் ஆண்டவர் உங்களுக்குத் தந்த வாக்குத்தத்தம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவார்கள், பர்ஸில் வைப்பார்கள், ஆட்டோவின் கண்ணாடியில் சொருகுவார்கள். பரீட்சையோ கல்யாணமோ ஆஸ்பத்திரியோ, எது வந்தாலும் அந்த அட்டையை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள்.

எங்கள் அச்சகம் வருடத்துக்கு முந்நூறு வசனங்களைத் தெரிந்தெடுத்து அட்டைகளாக அச்சிடுகிறது. பாதிக்கு மேல் சங்கீதங்களிலிருந்து எடுத்தவை. சங்கீதம் கவிதை என்பதால் அழகாக வெட்டி எடுக்கலாம். அச்சேறும் முன் கடைசியாகப் பார்ப்பவன் நான்.

11.15க்கு மெஷின்மேன் தங்கராஜ் அடுத்த வருட அட்டைகளின் ப்ரூப் தாள்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவரும் நானும் பத்தொன்பது வருடங்களாக ஒரே இடத்தில் வேலை செய்கிறோம்.

"போன வருசத்து ஃபைல்தான் சார். வருசத்தையும் பூவையும்தான் மாத்திக்கீது. ஒரு பார்வ பாத்து சைன் போட்டீங்கன்னா பிளேட்டுக்குப் பூடும்."

நான் ஒரு பார்வை பார்ப்பவன் அல்லன். ஒன்றாம் எண்ணிலிருந்து எழுத்தெழுத்தாக வாசித்தேன். 214இல் நின்றேன்.

அது ஒரு சங்கீதத்தின் எட்டாம் வசனம். இவன் ஆண்டவரை நம்பியிருக்கிறான், அவர் இவனை விடுவிக்கட்டும் என்பது அதன் பொருள். அட்டையில் தனியாகப் பார்த்தால் ஆசீர்வாதம் போலவே இருக்கும். பாட்டுக்குள் போய்ப் பார்த்தால், துன்பத்தில் கிடக்கும் ஒருவனைச் சுற்றி நின்று உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டுகிறவர்கள் சொல்வது அது. முழு ஏளனம். வசனத்தின் முடிவில் இப்படி அவர்கள் சொல்கிறார்கள் என்று வரும் பகுதியை, அட்டையில் இரண்டு வரிக்கு மேல் இடமில்லை என்று வெட்டியிருந்தார்கள்.

போன வருடத்துத் தாளை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அப்படியே இருந்தது. கீழே என் கையெழுத்து. எழுத்துப் பிழை ஒன்றுமில்லை என்று எழுதி, திகதியும் போட்டிருந்தேன்.

இந்த வருடம் ஜனவரி முதலாம் திகதி ஜெனிற்றா தட்டிலிருந்து எடுத்தது இந்த அட்டையைத்தான். கோயில் வாசலிலேயே என்னிடம் நீட்டினாள். விடுவிப்பார் என்று வந்திருக்கிறது என்றாள். நான் வாங்கிப் பார்த்தேன். பச்சை மை கொஞ்சம் மங்கல் என்பது மட்டும்தான் அப்போது என் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து அது அவளுடைய கைபேசியின் பின்பக்கம், கண்ணாடி போன்ற உறைக்குள் இருக்கிறது. மேசையில் கைபேசியைக் கவிழ்த்து வைக்கும்போதெல்லாம் அட்டை மேலே பார்க்கும். பத்து மாதமாக அதன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

"இன்னா சார், அதையே பாத்துக்கினு கீறீங்க? தப்பு எதுனா கீதா?" என்றார் தங்கராஜ்.

"பிழை ஒண்டும் இல்லை. நாளைக்குத் தாறன்."

"தாறன்," என்று அவர் சொல்லிப் பார்த்துச் சிரித்தார். "முப்பது வருசமா இங்கயே கீறீங்க. இன்னும் நேத்து வந்த மாதிரியே பேசிக்கினு கீறீங்களே சார்."

3

ஜெனிற்றா இங்கே, இராயப்பேட்டையில் பிறந்தவள். வயது இருபத்திமூன்று. இலங்கையை அவள் கண்டதில்லை. ஆனால் தாயும் தகப்பனும் அகதிகள் என்பதால் அவள் இந்த நாட்டுக் குடிமகள் அல்லள். கையில் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. அவள் பேசுவது சென்னைத் தமிழ். நான் கதைப்பதைக் கேட்டு அவளுடைய சிநேகிதிகள் சிரித்தால், அவளும் சேர்ந்து கொஞ்சம் சிரிப்பாள். நான் இல்லாத இடத்தில் என்னைப்போலப் பேசிக் காட்டுவாள் என்றும் கேள்வி. அதில் எனக்குக் கோபமில்லை.

கனடாவில் அவளுடைய சின்னம்மா இருக்கிறார். அங்கே ஒரு கல்லூரியில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, ஜனவரியில் தொடக்கம். ஆனால் இந்த நாட்டிலிருந்து வெளியேறவும் அனுமதி வேண்டும். ஏழு மாதமாக அலைகிறாள். ஓர் அலுவலகத்தில் அடுத்த அலுவலகத்தைக் காட்டுவார்கள். அங்கே இன்னொரு நகல் கேட்பார்கள். கடைசியாகக் கேட்டது தகப்பனின் வரவுப் பதிவு, அசல். கரையில் மேசை போட்டிருந்தவர் எனக்குத் தந்த அந்தத் தாள். ஒக்டோபர் 27 காலை பதினொரு மணிக்கு அதோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. இரும்பு அலுமாரியின் இரண்டாம் தட்டில், மூன்றாவது நீலக் கோப்பில், பிளாஸ்டிக் உறைக்குள். மூன்று வாரத்துக்கு முன் அவள் கேட்டபோது, "கிடைக்கேல்லை பிள்ளை, தேடிக்கொண்டு இருக்கிறன்" என்றேன். நான் எதையும் தேடவில்லை. அலுமாரியைத் திறக்கவுமில்லை.

என் மனைவி மலர் இறந்து எட்டு வருடமாகிறது. அதன் பிறகு இந்த வீட்டில் இரண்டு தட்டுகள்தான் வைக்கிறேன். ஒரு தட்டு மட்டும் வைக்கும் நாளை நினைத்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, இராயப்பேட்டை மணிக்கூண்டுச் சிக்னலில் ஓர் எண்ணம் வந்தது. அட்டையில் இருப்பது ஏளனக்காரர்களின் குரல் என்று இன்றே அவளிடம் சொல்லிவிடலாம். சொன்னால் உண்மையைச் சொன்னதாகவும் இருக்கும். நாளை அவள் அந்த அலுவலகத்துக்குப் போகும் துணிவும் குறையும். அப்படியே விட்டுவிடக்கூடும். பிழையைத் திருத்தும் கடமை என்று பெயர் வைத்துக்கொண்டுதான் அந்த எண்ணம் எனக்குள் வந்தது. பச்சை விளக்கு விழும்வரை அதை நான் விரட்டவுமில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

5.50க்கு வீட்டுக்கு வந்தேன். கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்கார மாமி வாசலில் நின்றார். நல்லவர், மலர் படுக்கையில் கிடந்தபோது மூன்று மாதம் ரசம் வைத்துக் கொடுத்தவர்.

"பொண்ணு கெளம்பிட்டான்னா நீங்க ஆத்துல ஒண்டியா என்ன பண்ணுவேள்?" என்றார்.

எழுத்து வேலை நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

4

எழுத்து வேலை என்று நான் சொன்னது ஒரு நீளக் கொப்பி. நான்கு வருடமாகச் சனிக்கிழமைகளில் ஒரு நூலகத்தில் இருந்து படித்துக் குறிப்பெடுக்கிறேன். பழங்கால யூத ஆசிரியர்களும் ஆரம்பக் காலக் கிறிஸ்தவ எழுத்தாளர்களும் சங்கீதங்களுக்கு எப்படிப் பொருள் சொன்னார்கள் என்பது விஷயம். இடப்பக்கம் யூதர், வலப்பக்கம் கிறிஸ்தவர். யாரும் கேட்டு எழுதவில்லை. வாசிக்கவும் யாருமில்லை.

மகள் தி. நகரில் ஒரு டியூஷன் நிலையத்தில் கணக்குச் சொல்லித்தருகிறாள். அவள் வர ஏழே கால் ஆகும். அதுவரை கொப்பியைப் புரட்டினேன்.

இடப்பக்கத்தில் சாக்கடல் ஓரத்து வனாந்தரத்தில் ஒதுங்கி வாழ்ந்த ஒரு யூதக் கூட்டத்தைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அவர்கள் சங்கீதத்தின் ஒரு வரியை எழுதி, இதன் பொருள் என்று போட்டு, உடனே தங்களையும் தங்கள் ஆசிரியரையும் தங்கள் எதிரிகளையும் அதற்குள் கொண்டுவந்துவிடுவார்கள். எத்தனையோ காலத்துக்கு முந்திய பாட்டு, நேற்று நடந்த தங்கள் வழக்கைப் பற்றியதாகிவிடும். அந்தக் குறிப்பின் அடியில், நம்முடைய அட்டைக்காரர்களுக்கு இவர்கள்தான் மூதாதையர் என்று எழுதி வைத்திருந்தேன். எழுதியபோது உதட்டோரம் சிரித்திருப்பேன்.

வலப்பக்கத்தில், கிறிஸ்துவின் வனாந்தரச் சோதனையின்போது சாத்தான் ஒரு சங்கீதத்தை எடுத்துச் சொன்ன இடம். தூதர்கள் உன்னைத் தாங்குவார்கள் என்ற வரியோடு அவன் நிறுத்திக்கொண்டான். அடுத்த வரி பாம்பை மிதிப்பது பற்றியது, அது தன்னைப் பற்றியது என்று அவனுக்குத் தெரியும் என்று அக்காலத்தவர் சிலர் விளக்கினார்கள். வசனத்தை வேண்டிய இடத்தில் வெட்டுவது எங்கள் அச்சகத்தில் தொடங்கிய வேலை அல்ல. தாளைக் கோப்பிலும் உண்மையைக் கையிலும் வைத்துக்கொண்டு, எங்கே நிறுத்தலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பக்கத்தை மேலே வாசிக்க முடியவில்லை.

அந்தக் கிறிஸ்தவ எழுத்தாளர்கள் ஒவ்வொரு சங்கீதத்தையும் எடுத்து முதலில் கேட்ட கேள்வி, இங்கே பேசுவது யார் என்பது. அரசனா, கிறிஸ்துவா, திருச்சபையா, பாவியா? ஒரே பாட்டில் குரல் இரண்டு மூன்று முறை மாறும் என்பார்கள். 214ஆம் அட்டையின் வசனம் இருக்கும் சங்கீதத்தை அவர்கள் சிலுவையில் தொங்கியவரின் குரலாகவே கேட்டார்கள். ஏளனக்காரர்களும் அங்கே சிலுவையின் கீழே நிற்கிறார்கள். விடுவிக்கட்டும் பார்ப்போம் என்று கேலியாகச் சொன்னது மூன்றாம் நாள் அவர் உயிர்த்தெழுந்ததில் நடந்துவிட்டது என்று படிக்கவும் அங்கே இடமிருக்கிறது.

இடப்பக்கம் வேறு கதை. அதே பாட்டை யூத ஆசிரியர்கள் ஒரு பெண்ணின் வாயில் வைத்தார்கள். அந்நிய நாட்டில் தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்து, அந்நிய அரசனின் அரண்மனைக்குள் அரசியாகப் போனவள். அழைப்பில்லாமல் அரசன் முன் வருபவருக்குச் சாவு என்ற சட்டத்தை மீறி, தன் சனத்தின் உயிருக்காகக் கேட்க அவள் மண்டபம் மண்டபமாக நடந்தபோது சொன்ன வார்த்தைகள் இவை என்றார்கள். நடந்து போகும் அவளைப் பார்த்து, இவள் தொலைந்தாள், இவளுடைய உடை எனக்கு, நகை எனக்கு என்று அரண்மனைக்காரர்கள் இப்போதே பங்கு போடுகிறார்கள்.

இதை 2021இல் என் கையால் எழுதியிருக்கிறேன். எழுதியபோது என் வீட்டிலும் ஒரு பெண் இருந்தாள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஊரில் எங்கள் வீட்டு மாலை ஜெபம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். சங்கீதத்தை மாறி மாறி வாசிப்போம். ஒற்றை எண் வசனங்கள் ஐயாவுக்கு. இரட்டை எண் வசனங்கள் அம்மாவுக்கும் பிள்ளைகளான எங்களுக்கும். ஆகவே எட்டாம் வசனம் எப்போதும் எங்கள் பக்கம்தான் விழும். ஷெல் விழுந்த மாதங்களில் விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு அதை வாசித்திருக்கிறோம். அம்மா அந்த வரியை ஏளனமாக வாசித்ததே இல்லை. ஒவ்வொரு சொல்லாக, ஒருவரிடம் கெஞ்சிக் கேட்பதுபோல வாசிப்பார். இது கெட்டவர்கள் சொன்னதல்லவா என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேசாமல் வாசி என்றிருப்பார்.

5

ஜெனிற்றா 7.20க்கு வந்தாள். இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்திருந்தேன். சொதியை இந்த ஊரில் அவள் ஒருத்திதான் கேட்டு வாங்கிக் குடிப்பாள். வழக்கம்போலக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அட்டை மேலே பார்த்தது.

சொல்வதா விடுவதா என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. சாப்பிட்டு முடிந்ததும் என்னை மீறித்தான் கேட்டேன்.

"பிள்ளை, உன்ர அந்த அட்டையை ஒருக்காத் தா."

அவள் உறையைக் கழற்றி அட்டையை எடுத்துத் தந்தாள். இதில் ஒரு பிழை நடந்துவிட்டது, பிழை என்னுடையது என்று தொடங்கினேன்.

"தெரியும்பா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அது கிண்டல் பண்றவங்க சொல்றதுன்னு. ஜனவரி ரெண்டாந்தேதியே பைபிள எடுத்து முழுசாப் படிச்சிட்டேன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கதானே ப்ரூப் பாத்தது. சொன்னா ஒரு மாசம் சாப்ட மாட்டீங்க."

தெரிந்தும் ஏன் இத்தனை நாள் வைத்திருந்தாய் என்று கேட்டேன். அவள் அட்டையை என் கையிலிருந்து திரும்ப வாங்கி, உறைக்குள் நேராக வைத்து அழுத்தினாள்.

"ஒவ்வொரு கவுன்டர்லயும் இதையேதான்பா சொல்றாங்க. கும்பிட்டுக்கம்மா, கடவுள் விட்டா பாக்கலாம்னு, பக்கத்து சீட்டப் பாத்து சிரிச்சிக்கிட்டே. யாரு சொன்னா என்ன, எப்படிச் சொன்னா என்ன? சொன்னது நடக்கட்டும்னு வச்சிக்கிட்டேன்."

நான் நான்கு வருடமாகக் கொப்பியில் இரண்டு பக்கத்திலும் எழுதிக்கொண்டிருப்பதை அவள் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். அடுத்த வருடத்துத் தாளில் அதை என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டேன்.

"அடிச்சிடுங்க. எல்லாரும் போய் முழுசாப் படிக்க மாட்டாங்க," என்றாள்.

பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சமையலறைப் படியில் நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"இன்னொண்ணும் தெரியும்பா. நம்ம வீட்ல எந்தப் பேப்பரும் காணாமப் போகாது."

குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு, இரண்டு கோப்பை, சொதிச் சட்டி. கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. என்னைப் பார்க்காமல் தன் பையில் நாளைக்கான காகிதங்களை அடுக்கினாள். "நகல் ஒண்ணு இருக்கு. அத வச்சிக் கேட்டுப் பாக்கறேன், நீங்க படுங்க," என்றாள். தாளைக் கேட்கவில்லை. அலுமாரிப் பக்கம் பார்க்கவுமில்லை. அசல் இல்லாமல் வந்தால் அந்த மேசையில் என்ன சொல்வார்கள் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

மூன்று வாரம் நான் பொய் சொன்னேன். மூன்று வாரம் அவள் அந்தப் பொய்யைப் பொய் என்று தெரிந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து மாதம் என் பிழையைக் கைபேசியின் முதுகில் சுமந்தாள். இவ்வளவையும் ஒரே வீட்டில், ஒரே மேசையில் இருந்து, ஒருவருக்கொருவர் சொல்லாமல். தனியாகிவிடுவேன் என்று பயந்தேன். இருவருமே எப்போதோ தனியாகிவிட்டோம். எனக்கு அது நேற்றுத்தான் தெரிந்தது.

அவள் படுக்கப் போன பிறகு கொப்பியின் முதல் பக்கத்தைத் திறந்தேன். நான் முதன்முதலில் எடுத்த குறிப்பு அங்கே இருக்கிறது. சில சங்கீதங்களின் மேலே, எந்தச் சமயத்தில் பாடப்பட்டது என்று ஒரு சிறு தலைப்பு இருக்கும். அதில் ஒன்று, அரசன் தான் பெற்ற மகனுக்கு அஞ்சி ஓடியபோது பாடியது. யூத ஆசிரியர்கள் அங்கே ஒரு கேள்வி கேட்டார்கள். பெற்ற பிள்ளையே துரத்தும்போது பாட்டு எப்படி வரும், புலம்பல் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? அதற்கு அவர்கள் சொன்ன பதில்: துன்பம் அந்நியன் கையால் வந்திருந்தால் இரக்கத்தை எதிர்பார்க்க முடியாது, வந்தது பிள்ளையின் கையால், பிள்ளை தகப்பனுக்கு இரங்கும், அதனால் அரசன் பாடினான்.

எனக்குப் பாட வராது. என் மகள் என்னைத் துரத்தவுமில்லை. வழியில் நின்றவன் நான். அவள் இரங்கியது மட்டும் அவர்கள் சொன்னதுபோலவே நடந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த ப்ரூப் தாளை எடுத்து 214ஐச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் வேறொரு வசனத்தின் எண்ணை எழுதினேன். அந்தச் சங்கீதத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துச் சரிபார்த்த பிறகுதான் எழுதினேன். 9.40க்கு விளக்கை அணைத்தேன்.

6

ஒக்டோபர் 27, வெள்ளிக்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். அவள் உறங்கிக்கொண்டிருந்தாள், கைபேசி சாப்பாட்டு மேசையில் கவிழ்ந்து கிடந்தது. இரும்பு அலுமாரியைத் திறந்து, இரண்டாம் தட்டில் மூன்றாவது நீலக் கோப்பிலிருந்து அந்தத் தாளை உறையோடு எடுத்தேன். மடிப்புகள் பழுத்திருந்தன, முத்திரை இன்னும் தெளிவாக இருக்கிறது. அதை மேசையில் வைத்து, காற்றில் பறக்காமல் அவளுடைய கைபேசியை அதன்மேல் வைத்தேன், அட்டை மேலே தெரியும்படி. அதற்குப் பிறகுதான் மோட்டாரைப் போட்டேன்.